‘இல்லை’ என்றால் நிரூபிக்கச் சொல்கிறார் மாமா

கேள்வி: எம்.எஸ்சி. படிக்கிறேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. வீட்டில் யாரும் வற்புறுத்துவதில்லை. மாமா மட்டும், “கடவுள் இல்லைன்னு உன்னால நிரூபிக்க முடியுமா? முடியாதுல்ல, அப்ப உன்னுதும் ஒரு நம்பிக்கைதான். நாத்திகமே முரண்பாடும்மா” என்று மடக்குகிறார். நாத்திகம் தர்க்கத்தில் நிற்காதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நிற்கும். ஆனால் எல்லா நாத்திகமும் நிற்காது.

மணிமேகலையின் 27ஆம் காதையை எடுத்துப் படியுங்கள். வஞ்சி நகரில், துறவி வேடத்தில், சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டுக்கொண்டே வருகிறாள் மணிமேகலை. கடைசியாகப் பூதவாதி: எல்லாமே மண், நீர் போன்ற பூதங்களால் ஆனவை, மறுமை பொய் என்பவன். தாதகிப் பூவும் கருப்புக்கட்டியும் சேர்ந்து ஊறினால் போதை பிறப்பதுபோல, பூதங்கள் கூடியதில் உணர்வு பிறக்கிறது என்கிறான். எவ்வளவு அழகான உவமை! இதில் முரண் ஏதுமில்லை. ஆனால் கூடவே, “கண்கூடு அல்லது கருத்தளவு அழியும்” என்றும் சொல்லிவிடுகிறான். கண்ணால் காண்பதே சான்று, அனுமானம் செல்லாது என்கிறான். மாட்டிக்கொண்டது அங்கேதான். உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை கேட்கிறாள். காப்பியத்தில் அதற்கு அவன் பதில் சொல்வதாக இல்லை.

“பார்த்தால்தான் நம்புவேன்” என்று நீங்கள் மாமாவிடம் சொல்லியிருந்தால், அவர் உங்களை மடக்கியது நியாயம்தான்.

இந்த ஓட்டையைச் சார்வாகர்களும், அதாவது பரலோகத்தை மறுத்த பழைய இந்தியப் பொருள்முதல்வாதிகளும், பார்த்திருக்கிறார்கள். அவர்களில் புரந்தரர் என்பவர், உலக நடப்பில் அனுமானம் செல்லும், யாருமே காணாத பரலோகத்துக்கு அதை நீட்டக்கூடாது என்று திருத்திச் சொன்னார். எனக்கு இது உறுதியான நிலையாகவே படுகிறது.

இனி மாமாவின் கேள்வி. ஒருவர் வந்து “நீ என்னிடம் கடன் வாங்கினாய்” என்றால், பத்திரத்தைக் காட்ட வேண்டியவர் அவர். வாங்கவில்லை என்பதற்கு நீங்கள் பத்திரம் காட்ட முடியாது, காட்டவும் வேண்டாம். சான்று போதவில்லை, அதனால் ஏற்கவில்லை என்பது இன்னொரு நம்பிக்கை ஆகாது. ஆனால் “இல்லவே இல்லை” என்று நீங்கள் அடித்துச் சொன்னால் அது ஒரு கூற்று. அதற்குக் காரணம் காட்டும் கடமை உங்களுக்கும் வந்துவிடும்.

காரணம் காட்ட முடியாது என்பதும் இல்லை. குமாரில பட்டர் வேதத்துக்காகவே வாதாடியவர். அவரே படைப்புக் கடவுளை மறுத்தார். உடலே இல்லாத ஒருவனுக்குப் படைக்கும் ஆசை எப்படி வரும் என்று கேட்டார். வேதத்தை ஏற்றதால் அவர் ஆத்திகர்! வேதத்தை ஏற்காத பௌத்தரையும் சமணரையும் சார்வாகரையும்தான் அன்று நாத்திகர் என்றார்கள். பூதவாதியை மடக்கிய, பௌத்தத்தைச் சார்ந்த மணிமேகலையும் அந்தக் கணக்கில் நாத்திகிதான்.

முரணில்லை என்பதாலேயே நாத்திகம் உண்மையாகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். முரணில்லாத ஆத்திகமும் உண்டு.

அடுத்த முறை மாமா ஆரம்பித்தால், “எந்தக் கடவுளைச் சொல்றீங்க மாமா?” என்று கேளுங்கள். எல்லாம் வல்லவர், எல்லையற்ற கருணை உள்ளவர் என்றால், பச்சைக் குழந்தை நோயில் துடிப்பது ஏன் என்று நீங்கள் வாதாடலாம். எந்தச் சான்றாலும் தொட முடியாதவர் என்றால், மறுக்கவே அங்கே ஒன்றும் இல்லை, நீங்கள் சொல்வது எனக்குப் புரியவில்லை என்று மட்டும் சொல்லலாம். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். மணிமேகலையும் முழுதாகக் கேட்ட பிறகுதான் வாய் திறந்தாள்.