விரிசல் விட்ட வெல்டிங்கை உடனே மூடிவிடாதீர்கள்

கேள்வி: மொட்டை மாடியில் கூரை போட இரும்புக் குழாய் ஃபிரேம் அடித்தேன். எட்டே மாதத்தில் தூணும் குறுக்குக் குழாயும் சேரும் ஜாயின்ட்டில் விரிசல். "காற்று பலமா அடிச்சா நான் என்ன செய்ய?" என்கிறார் ஒப்பந்தக்காரர். பில் தரவில்லை, பணம் வங்கி வழியாகத்தான் போனது. இன்னொரு வெல்டர் அதன் மேலேயே வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் அந்த வெல்டரை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். உங்கள் முக்கியமான சாட்சி அந்த விரிசல்தான். மேலே ஒரு சுற்று அடித்தால் அது போய்விடும்.

அதற்காக ஆபத்தோடு இருக்க வேண்டாம். இன்றே கீழே முட்டுக் கொடுங்கள், யாரையும் அடியில் நிற்க விடாதீர்கள். அப்புறம் விரிசலைக் கிட்டத்தில் படம் எடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து. பிளந்த முகத்தில் ஒரு பகுதி பளபளப்பாகவும் மற்றது துருவேறியும் இருக்கிறதா? துருவேறிய இடம் முதலிலிருந்தே ஒட்டாமலோ, வெகுநாளாகத் திறந்தோ இருந்திருக்கலாம். ஊசிமுனை போன்ற ஓட்டைகள் தெரிந்தால், துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்காமலே பற்றவைத்தார்களா என்று கேட்க இடமுண்டு. சுற்றி முழுதும் அடிக்காமல் நாலு இடத்தில் டாக் (புள்ளி வைத்தாற்போன்ற சிறு வெல்டிங்) மட்டும் வைத்து, பட்டி பூசி பெயின்ட் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். இதையெல்லாம் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் நேரில் பார்த்து எழுதித் தர வேண்டும். பார்வையிடும் தேதியை ஒப்பந்தக்காரருக்கு முன்கூட்டியே பதிவு செய்த ஸ்பீட் போஸ்டில் தெரிவியுங்கள். வரவில்லையென்றால் அது அவர் பாடு. குழாயை வெட்டி எடுக்க நேர்ந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

குழாயையும் கவனியுங்கள். கட்டுமானக் குழாய்க்கு ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 1161, தண்ணீர், எரிவாயு போன்றவற்றுக்கான குழாய்க்கு ஐ.எஸ். 1239 எனத் தரம் வேறு. ஒன்றைச் சொல்லி மற்றதைப் போட்டிருந்தால் அது தனிக் குறைபாடு.

காற்று என்ற வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. திறந்த மாடியில் நிற்கும் ஃபிரேம் காற்றைத் தாங்கத்தானே போடப்படுகிறது? அசாதாரணப் புயல் என்றால் அதை அவர்தான் காட்ட வேண்டும்.

பில் இல்லாததற்குக் கவலை வேண்டாம். வங்கிக் கணக்கு விவரமும் வாட்ஸ்அப் பேச்சும் ஒப்பந்தத்தைக் காட்டும்; அந்தப் போனை அழிக்காமல் வையுங்கள்.

முதலில் வக்கீல் நோட்டீஸ். சரிசெய்து தரவில்லையென்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று புகார் கொடுங்கள். கெடு 2 ஆண்டு. விரிசல் கண்ட நாளிலிருந்து என்று வாதாடலாம்தான், ஆனாலும் வேலை முடிந்த நாளிலிருந்தே எண்ணி, அதற்குள் தாக்கல் செய்துவிடுங்கள்.