சிறிய மோதலில் மேடு தெரிந்தால் பிளாஸ்மா என்று எழுதலாமா?

கேள்வி: எல்.எச்.சி. துகள் முடுக்கியின் திறந்த தரவிலிருந்து, நிறையத் துகள்கள் சிதறிய புரோட்டான்–புரோட்டான் மோதல்களை மட்டும் எடுத்து இரு துகள் தொடர்பை (துகள் ஜோடிகளின் கோண வித்தியாசம் எப்படிப் பரவுகிறது என்பதை) வரைந்தேன். ஒரே திசைக் கோணத்தில் ஒரு நீண்ட மேடு தெரிகிறது. குவார்க்–குளுவான் பிளாஸ்மா (குவார்க்குகளும் குளுவான்களும் புரோட்டானுக்குள் அடைபடாமல் திரியும் மிகச் சூடான நிலை) உருவானது என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில்: அப்படி எழுத வேண்டாம். 2010-ல் 7 டெரா எலக்ட்ரான் வோல்ட் மோதல்களில் இதே மேட்டை முதலில் கண்ட எல்.எச்.சி.யின் சி.எம்.எஸ். ஆய்வுக் குழுவும் அப்படி அறிவிக்கவில்லை. துகள்கள் கூட்டாக நகர்ந்திருக்கலாம் என்பது வரைதான் அந்த மேடு உங்களுக்குக் கைகொடுக்கும். அதைச் சொல்லவும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

ஒரே ஜெட்டில் (ஒரு குவார்க்கோ குளுவானோ சிதறிப் பொழியும் குறுகிய துகள் கற்றையில்) பிறந்த துகள்கள் எப்படியும் சேர்ந்தே பறக்கும். சூடோரேப்பிடிட்டி (முடுக்கியின் கற்றைத் திசையிலிருந்து துகள் விலகும் கோணத்தைக் குறிக்கும் அளவு) வித்தியாசம் 2-க்கு மேல் உள்ள ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். ஆனால் எதிர்த்திசையில் பாயும் ஜெட் அப்படியே நிற்கும். அதனால் நான்கு துகள் குமுலன்ட்டையும் (நான்கு துகள்களின் தொடர்பிலிருந்து ஜோடிகளின் பங்கைக் கழித்த அளவு) கணக்கிடுங்கள். அது எதிர்க்குறியோடு வர வேண்டும், ஏனென்றால் குறியை மாற்றி நான்காம் மூலம் எடுத்தால்தான் நீள்வட்ட ஓட்டத்தின் (துகள்கள் ஓர் அச்சின் இரு பக்கமும் கூடுதலாகப் பாய்வதன்) அளவு கிடைக்கும். நேர்க்குறி வந்தால் பதற வேண்டாம். தடங்களைச் சூடோரேப்பிடிட்டி வாரியாக மூன்று பகுதிகளாகப் பிரித்து மறுபடி கணக்கிடுங்கள். துகள் எண்ணிக்கை வகுப்புகளையும் குறுகலாக வையுங்கள், அகல வகுப்பே குறியை மாற்றிவிடும்.

சிறிய மோதல்களில் பிளாஸ்மாவை ஒத்த மற்ற அறிகுறிகளும் உண்டு. புரோட்டான், டியூட்ரான், ஹீலியம்-3 மூன்றையும் தங்கத்தோடு மோதவிட்ட ஃபீனிக்ஸ் குழு, மோதும் கருவின் வடிவத்தை ஓட்டம் பின்பற்றுவதை 2019-ல் காட்டியது. 2017-ல் ஆலிஸ் குழு, துகள் எண்ணிக்கை கூடக் கூட ஸ்ட்ரேஞ்ச் குவார்க் கொண்ட துகள்களின் விகிதமும் ஏறுவதைக் காட்டியது.

இடிக்கும் இடம் ஜெட் தணிவு, அதாவது பிளாஸ்மாவைக் கடக்கும் ஜெட் ஆற்றலை இழப்பது. ஈயம்–ஈயம் மோதலில் பளிச்செனத் தெரியும் அது, புரோட்டான்–ஈயத்தில் தெளிவாக அகப்படவில்லை. புரோட்டான்–புரோட்டானில் தேடுவது இன்னும் சிக்கல், வழக்கமாக ஒப்பீட்டுக்கு வைக்கும் அளவே அதுதான். 2025 ஜூலையில் எல்.எச்.சி. ஆக்சிஜன் கருக்களை மோதவிட்டது இந்த இடைவெளியை நிரப்பத்தான். அதில் அதிக உந்தத் துகள்கள் குறைவதை சி.எம்.எஸ். கண்டிருக்கிறது. அது உங்கள் மோதலுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நேரம் இருந்தால், ஸ்ட்ரேஞ்ச் குவார்க் கொண்ட நடுநிலை கேயான், லாம்டா துகள்கள் இரண்டையும் அவை சிதையும் புள்ளியை வைத்துப் பிரித்தெடுத்து ஓட்டத்தைத் தனித்தனியே அளந்து பாருங்கள். குறைந்த உந்தத்தில், கேயானைவிட எடை கூடிய லாம்டாவின் ஓட்டம் குறைவாக வந்தால், ஆய்வேட்டில் கூட்டு நகர்வு என்ற உங்கள் வாதம் கணிசமாக வலுக்கும்.