அந்த வீடியோவை அவள் அழித்ததுதான் நல்ல சேதி

அன்புள்ள அம்மாவுக்கு,

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள், காட்டுயிர்ப் படம் எடுக்கத்தான் போவேன் என்று நிற்கிறாள். மருத்துவம் தவிர மற்றதெல்லாம் படிப்பே இல்லை என்கிறார் பெரியப்பா. மாமாவோ, வீட்டை அடமானம் வைத்தாவது வெளிநாட்டில் அதற்கென்றே இருக்கும் படிப்பில் சேர்த்துவிடுங்கள் என்கிறார். இரண்டு பக்கமும் இழுத்தால் யாருக்கும் தூக்கம் வராதுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "லட்சம் பேர் பார்த்த வீடியோவை அவளே அழித்துவிட்டாள், எதிலும் பிடிப்பில்லாத பெண்." அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவளிடம் பேசினேன். ஒரு பறவைக் கூட்டை எடுத்த வீடியோ அது. குஞ்சுகள் தெளிவாகத் தெரியட்டும் என்று கூட்டை மறைத்திருந்த கிளையை ஒதுக்கிக் கட்டியிருக்கிறாள். அரை மணி நேரம் படம் எடுத்தாள். அந்த அரை மணி நேரமும் தாய்ப்பறவை இரை கவ்விய அலகோடு பக்கத்துக் கிளையிலேயே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது, கூட்டுக்கு வரவில்லை. அந்தக் கத்தலும் வீடியோவில் பதிவாகியிருக்கிறது; பார்த்தவர்கள் 'பாட்டு இனிமை' என்று எழுதினார்கள். மறுநாள் கூடு காலி. அப்புறம்தான் அழித்தாள். இதற்குப் பெயர் பிடிப்பில்லாமை இல்லை, அம்மா. பெரிய பெரிய நிறுவனங்களுக்கே வராத புத்தி இது.

வராததற்குச் சாட்சி நிறைய. 1958ல் டிஸ்னி வெளியிட்ட 'ஒயிட் வில்டர்னஸ்' ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது. லெம்மிங் என்ற சிறு எலிகள் கூட்டமாகக் கடலில் விழுந்து சாவதாக அதில் காட்டினார்கள். படம் எடுத்த கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் கடலே இல்லை. எலிகளை வேறிடத்திலிருந்து வாங்கி வந்து, ஆற்றுக்குள் விழவைத்துப் படம் எடுத்தார்கள். 1982ல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி இதை வெளியே கொண்டுவந்தது. லெம்மிங் தற்கொலை செய்துகொள்ளும் என்று இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கல்விப் படம் என்றுதான் அதையும் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள்.

தேவாங்குக்கு உறவான ஸ்லோ லோரிஸ், கிச்சுகிச்சு மூட்டும்போது கையைத் தூக்கும் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுகத்தில் தூக்கவில்லை. முழங்கை உட்புறத்தில் இருக்கும் நஞ்சுச் சுரப்பியை வாய்க்குக் கொண்டுவரும் தற்காப்பு அது. வளர்ப்புக்கு விற்கும்போது கடிக்காமல் இருக்கப் பல்லையே வெட்டிவிடுகிறார்கள். அந்த வீடியோவுக்கும் லட்சக்கணக்கில் பார்வைகள்.

விலங்கு ஓடவில்லையே, அப்புறம் என்ன தொந்தரவு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டாவில் கருங்கரடிகளுக்கு இதயத்துடிப்புக் கருவி பொருத்தி, மேலே டிரோன் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 2015ல் வந்த ஆய்வு. பெரும்பாலும் கரடிகள் இடத்தைவிட்டு நகரவில்லை. ஆனால் இதயத்துடிப்பு எகிறியது. ஒரு கரடிக்கு நிமிடத்துக்கு 123 துடிப்பு கூடியது. கேமராவில் பார்த்தால் அமைதியான கரடி.

சரி, படிப்புக்கு வருவோம். மருத்துவம், விஸ்காம், கால்நடை மருத்துவம் பற்றி நான் எழுதப் போவதில்லை. பெரியப்பாவே மணிக்கணக்கில் சொல்வார். மாமா சொல்லும் வெளிநாட்டுப் படிப்புக்கு என் பதில்: கூடாது. படிப்பு மோசம் என்பதால் அல்ல. முடித்து வருகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் மாதக்கணக்கில் சும்மா இருக்க நேரும். மாதத் தவணை சும்மா இருக்காது. கடன் கழுத்தை நெரிக்கும்போது தயாரிப்பாளர் "குகைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போ" என்றால், முடியாது என்று சொல்ல அவளால் முடியுமா? வீட்டுப் பத்திரத்தை உள்ளேயே வையுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

உங்கள் வீட்டில் யாரும் பேசாத ஒரு வேலை இருக்கிறது. இயற்கை ஆவணப்படக் குழுவில் 'ரிசர்ச்சர்' என்று ஒருவர் இருப்பார். பெயர்ப் பட்டியலில் வேகமாக ஓடிவிடும் பெயர். படப்பிடிப்புக்கு மாதங்கள் முன்பே அவர் வேலை தொடங்கிவிடும். அந்த விலங்கை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த விஞ்ஞானியைத் தேடிப் பிடிப்பார். எந்த வாரத்தில் குட்டி போடும், எவ்வளவு தூரத்தில் ஆள் வந்தால் மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கும் என்று கேட்டு வாங்குவார். அதை வைத்துத்தான் கேமரா எங்கே நிற்கலாம் என்று முடிவாகும். படம் எடுப்பவர் ஒளிந்திருக்கும் மறைவிடக் கூடாரத்தைக் கூட்டுக்குப் பக்கத்தில் ஒரே நாளில் போடக்கூடாது; தள்ளி வைத்து, பறவை பழகப் பழக, பல நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். தாய் திரும்பவில்லை என்றால் எல்லோரும் வெளியேற வேண்டும், அதைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அரிய விலங்கு என்றால் எங்கே எடுத்தது என்று காட்டும் இடக் குறியீடு எந்தப் படத்தோடும் வெளியே போகக்கூடாது, வேட்டைக்காரனும் இணையம் பார்க்கிறான்.

படம் முடிந்தாலும் அவர் வேலை முடியாது. திரையில் ஒரே தாயாகத் தெரிவது மூன்று விலங்குகளாக இருக்கலாம். எட்டத்திலிருந்து லென்ஸ் எடுத்த காட்சிக்குக் காலடிச் சத்தம் ஸ்டூடியோவில் சேர்த்ததாக இருக்கும். எது காட்டில் எடுத்தது, எது விலங்கை அடைத்து வைத்து எடுத்தது என்ற குறிப்பை வைத்துக்கொண்டு வர்ணனையை வரி வரியாகச் சரிபார்க்கிறவர் இவர்தான். 2011ல் பிபிசியின் 'ஃப்ரோசன் பிளானட்' தொடரில் வந்த பனிக்கரடிக் குட்டிகளின் பிறப்பு, நெதர்லாந்து உயிரியல் பூங்காவில் எடுத்தது. இணையதளத்தில் சொல்லியிருந்தார்கள், வர்ணனையில் சொல்லவில்லை. பெரிய சர்ச்சை ஆனது. என்னைக் கேட்டால், பூங்காவில் எடுத்தது சரி. காட்டில் ஈன்ற கரடியின் குகைக்குள் கேமரா நுழைந்தால் குட்டிக்கே ஆபத்து. வர்ணனையில் ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காகச் சண்டை போடுகிற ஆள் உங்கள் மகள்.

இதற்கு விலங்கியல் அல்லது சூழலியல் இளநிலைப் பட்டம் போதும், உள்ளூர் அரசுக் கல்லூரியிலேயே. படக்குழு வேலை வராத காலத்தில் கணக்கெடுப்பு, அருங்காட்சியகம், ஆசிரியப் பணி என்று அதே பட்டம் வேறு வழியும் காட்டும். இந்த விடுமுறையில் தன்னார்வலர்கள் ஆய்வுகளுக்கு உதவும் ஜூனிவர்ஸ் (Zooniverse) இணையதளத்தில், விலங்கு கடந்தால் தானே படம் எடுக்கும் கேமரா பொறிகளின் படங்களை இனம் பிரித்துத் தரட்டும். ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி காட்டில் 225 கேமராக்கள் எடுத்த படங்களை இப்படித் தன்னார்வலர்கள்தான் பிரித்துத் தந்தார்கள். காசு செலவில்லை. ஆயிரம் படம் பார்த்த பிறகும் சலிக்கவில்லை என்றால் உங்களுக்கும் ஒரு விடை கிடைக்கும். புது லென்ஸ் கேட்டால் இப்போது வேண்டாம். நல்ல பைனாகுலரும் குறிப்பு நோட்டும் போதும்.

சம்பளம் ஆரம்பத்தில் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்ள மருத்துவர் மாதிரி ஒற்றை வார்த்தையும் இல்லை. அந்தச் சங்கடம் உங்களுடையது, அவள் தலையில் இறக்காதீர்கள்.

விண்ணப்பிக்கும் முன் இரண்டு மூன்று கல்லூரித் துறைத் தலைவர்களை நேரில் பார்க்கட்டும். வருடத்தில் எத்தனை நாள் களத்துக்குக் கூட்டிப் போகிறீர்கள் என்று அவளே கேட்க வேண்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள். பதிலை அவள் கைப்பட எழுதி எனக்கு அனுப்பட்டும், அப்புறம் கல்லூரியை முடிவு செய்யலாம்.