எடை குறைந்தது சரி, அதிகாரம் கூடியதா? - வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு, எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் அனுபவம் என்ற ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. அதனால் மற்றதை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் நர்சிங் முதுநிலை படிக்கிறேன். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பேட்டி எடுத்து, 'இந்தச் சிகிச்சை நோயாளிகளுக்கு அதிகாரம் தருகிறது' என்று முடிக்கிற ஒரு பண்புசார் ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்து மதிப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதிரி ஆய்வுகளின் தரத்தைச் சோதித்துப் பார்க்க உதவும் 'காஸ்ப்' படிவத்தின் பத்துக் கேள்விகளுக்கும் 'ஆம்' என்று டிக் அடித்துவிட்டேன். கைடு பார்த்துவிட்டு, 'இதில் உன் மதிப்பீடு எங்கே? பதினைந்து பேர்கூட இல்லை, அதையாவது எழுதலாமே' என்கிறார். எனக்கு என்னவோ கட்டுரை நன்றாகத்தான் தெரிகிறது. எதைப் பிடித்துக்கொண்டு எழுதுவது?

பதில்: முதலில் அந்தப் பதினைந்து பேர் கணக்கை ஓரமாக வையுங்கள். உங்கள் கைடு சொல்வது எண்ணிக்கை ஆய்வுகளைப் படித்துப் பழகியவர்கள் எல்லோரும் சொல்வதுதான், ஆனால் இங்கே அது செல்லாது. கெஸ்ட் என்பவரும் அவர் குழுவினரும் கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த பேட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, புதிதாக எதுவும் வராமல் போகிற நிலை முதல் 12 பேட்டிகளுக்குள்ளேயே கிட்டத்தட்ட வந்துவிட்டது என்று 2006-இல் எழுதினார்கள். கேள்வி குறுகலாக இருந்து, பேசுகிறவர்களும் ஒரே மாதிரியானவர்களாக இருந்தால்தான் அப்படி என்று அவர்களே சொல்லிவைத்தார்கள். அதை மறந்துவிட்டு '12 போதும்' என்று மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம், அது வேறு கதை.

ஆகவே எத்தனை பேர் என்பதை விட்டுவிட்டு, யார் யார் என்று கேளுங்கள். கட்டுரையில் ஆள் சேர்த்த விதம் பற்றி ஒரு பத்தி இருக்கும், பெரும்பாலும் யாரும் நின்று படிக்காத பத்தி. தொடர் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் கேட்டார்களா, நோயாளிகள் ஆதரவுக் குழுவில் அறிவிப்பு வைத்தார்களா? அப்படியென்றால் யார் விட்டுப்போயிருப்பார்கள் என்று யோசியுங்கள். எடை மறுபடி ஏறியவர்களில் பலர், இவ்வளவு செய்தும் இப்படி ஆகிவிட்டதே என்ற வெட்கத்தில் மருத்துவமனைப் பக்கமே வருவதில்லை. அதிகாரம் கிடைத்ததா இல்லையா என்ற கேள்விக்கு மிக முக்கியமான சாட்சி அவர்கள்தான். அவர்கள் இல்லாமல் எழுதிய முடிவு பொய் என்று சொல்லவரவில்லை. பரிசோதனைக்குத் தவறாமல் வருகிறவர்களைப் பற்றிய முடிவு, அவ்வளவுதான்.

அடுத்தது, எப்போது கேட்டார்கள் என்பது. இந்தச் சிகிச்சையில் முதல் ஒரு வருடம், ஒன்றரை வருடம் எடை மளமளவென்று இறங்கும். பழைய சட்டை தொளதொளவென்று ஆகும், சர்க்கரை மாத்திரை குறையும், பார்க்கிறவர்கள் எல்லாம் 'ஆளே மாறிட்டீங்களே' என்பார்கள். இதைத் தேனிலவுக் காலம் என்றே இந்தத் துறையில் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் போய் 'எப்படி உணர்கிறீர்கள்' என்று கேட்டால் யார்தான் மகிழ்ச்சியாக இல்லை என்று சொல்வார்கள்? அதற்கப்புறம்தான் எடை ஓரிடத்தில் நிற்பது, சிலருக்குக் கொஞ்சம் ஏறுவது, தொங்கும் தோல், வாழ்நாள் முழுக்க விட்டமின் மாத்திரை என்று மற்றதெல்லாம் வரிசையாக வரும். காலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் எண்ணிக்கை ஆய்வையே சொல்கிறேன். அமெரிக்காவில் இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் மதுப் பழக்கச் சிக்கலை அளந்து 2012-இல் வெளியான ஆய்வில், சிகிச்சைக்கு முந்தைய வருடத்தில் 7.6 சதவீதம் பேருக்கு அந்தச் சிக்கல் இருந்தது. முதல் வருடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டாம் வருடத்தில் 9.6 சதவீதமாக ஏறியது. முதல் வருடத்தோடு கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது. உங்கள் கட்டுரையில் பேட்டி எடுத்தது சிகிச்சை முடிந்து எத்தனையாவது மாதம் என்று பாருங்கள், ஆளுக்கு ஆள் எவ்வளவு வேறுபடுகிறது என்றும் பாருங்கள். ஆறாம் மாதத்தில் இருப்பவரையும் ஆறாம் வருடத்தில் இருப்பவரையும் ஒரே கருப்பொருளுக்குக் கீழே போட்டிருந்தால் தாராளமாகக் குறை சொல்லலாம்.

மூன்றாவதாக, கேட்டது யார்? காஸ்ப் படிவத்தின் ஆறாவது கேள்வி இதுதான், ஆய்வாளருக்கும் பங்கேற்றவருக்கும் இருந்த உறவைப் போதிய அளவு யோசித்திருக்கிறார்களா என்று கேட்கிறது. நீங்கள் அதற்கும் 'ஆம்' போட்டிருக்கிறீர்கள். எந்தப் பக்கத்தைப் பார்த்துப் போட்டீர்கள்? அறுவை சிகிச்சைக் குழுவைச் சேர்ந்த ஒருவரே, அதே மருத்துவமனையின் ஓர் அறையில் உட்கார்ந்து கேட்டிருந்தால், நாளைக்கு இவரிடமே வரவேண்டும் என்ற நினைப்பு நோயாளிக்கு இருக்காதா? 'ஆய்வாளர் ஒரு செவிலியர்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் யோசித்ததாக ஆகாது. அது பேச்சை எப்படித் திருப்பியிருக்கும், அதைச் சமாளிக்க என்ன செய்தோம் என்றும் எழுதியிருக்க வேண்டும்.

இனி விஷயத்தின் நடு இடத்துக்கு வருகிறேன். 'அதிகாரம்' என்று எதைச் சொல்கிறார்கள்? 1986-இல் உலக சுகாதார நிறுவனத்தின் மாநாட்டில் வந்த ஒட்டாவா சாசனம், மக்கள் தங்கள் ஆரோக்கியத்தின் மீது தங்கள் கட்டுப்பாட்டைக் கூட்டிக்கொள்ள வழிசெய்வது என்று பேசியது. 1990-களின் தொடக்கத்தில் நீரிழிவுக் கல்வியில் இதைக் கொண்டுவந்தவர்கள் இன்னும் தெளிவாகச் சொன்னார்கள்: சொன்னபடி கேட்கவைப்பது நம் வேலை இல்லை, நோயாளி தானே முடிவெடுக்கத் தேவையானதைக் கொடுப்பதுதான் வேலை. சொல் பிறந்ததே கீழ்ப்படிதலுக்கு எதிராகத்தான். இப்போது ஒரு மேற்கோளைப் பாருங்கள், இது எந்தக் கட்டுரையிலும் உள்ளதல்ல, நானே எழுதிய மாதிரி: "டாக்டர் கொடுத்த அட்டவணையை ஒரு நாள்கூடத் தாண்டுவதில்லை. தாண்டினால் உடம்பே தண்டித்துவிடும். இப்போது என் உடம்பு என் கட்டுப்பாட்டில் இருக்கிறது." ஆய்வாளர் கடைசி வாக்கியத்தை அடிக்கோடிட்டு 'தன் உடலின் மீது அதிகாரம்' என்று எழுதிக்கொள்வார். முதல் இரண்டு வாக்கியங்கள் என்ன சொல்கின்றன? அட்டவணை வேறொருவருடையது. தண்டிப்பது உடம்பு. எடைக் குறைப்புக்காக இரைப்பை பைபாஸ் செய்துகொண்ட சிலருக்கு இனிப்புச் சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் வரும், அந்தப் பயத்தில் சாப்பிடாமல் இருப்பதையும் தானாக முடிவெடுப்பதையும் ஒரே பெயரில் அழைக்க முடியுமா என்று ஆய்வாளர் ஒரு பத்தியாவது தடுமாறியிருக்க வேண்டும். தடுமாற்றமே இல்லாமல் எல்லா மேற்கோளும் ஒரே திசையில் ஓடினால் எனக்குச் சந்தேகம் வரும். முரண்பட்டுப் பேசிய ஒருவரையாவது காட்டியிருக்கிறார்களா என்று தேடுங்கள். அப்படியே மேற்கோள்களுக்குப் பக்கத்தில் உள்ள பங்கேற்பாளர் எண்களையும் எண்ணிப் பாருங்கள். நான்காவது ஆளும் ஒன்பதாவது ஆளுமே திரும்பத் திரும்ப வந்தால், மற்றவர்கள் என்ன பேசினார்களாம்?

பேட்டிக் கேள்விகளைப் பின்னிணைப்பில் கொடுத்திருந்தால் அதையும் விடாதீர்கள். 'சிகிச்சை உங்களுக்கு எப்படி அதிகாரம் அளித்தது' என்று கேட்டுவிட்டு, அதிகாரம் என்ற கருப்பொருள் தானாக வெளிப்பட்டது என்று எழுதுகிறவர்களும் உண்டு!

இவ்வளவையும் எழுத படிவம் தடை இல்லை. அதற்குக் கூட்டு மதிப்பெண் கிடையாது, பத்துக்குப் பத்து வாங்குவதற்காக வந்ததல்ல அது. ஒவ்வொரு 'ஆம்' பக்கத்திலும் எந்த ஆதாரத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள், எழுத வராத இடத்தில் 'சொல்ல முடியவில்லை' என்று மாற்றுங்கள். கைடு கேட்கிற மதிப்பீடு அங்கேதான் வரும்.

கேள்வி: எனக்கு இந்த அறுவை சிகிச்சை செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். செய்துகொண்டவர்களின் அனுபவம் பற்றிய ஓர் ஆய்வைப் படித்தேன், எல்லோரும் வாழ்க்கையே மாறிவிட்டது என்கிறார்கள். இதை நம்பி முடிவெடுக்கலாமா?

பதில்: முடிவெடுக்க அது போதாது, ஆனால் படித்தது வீணும் இல்லை. எத்தனை பேருக்குப் பலன், எத்தனை பேருக்குச் சிக்கல் என்பதற்கு அந்த வகை ஆய்வில் பதில் இருக்காது, தேடவும் கூடாது. அதற்கு ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி, அறுவை சிகிச்சை செய்துகொண்ட சுமார் 2,000 பேரையும் செய்துகொள்ளாத அதே அளவு பேரையும் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு மாதிரியானவை இருக்கின்றன. செய்துகொண்டவர்களில் இறப்பு குறைவு என்று 2007-இல் அதிலிருந்து முடிவு வந்தது. அனுபவ ஆய்வு வேறொன்றுக்குப் பயன்படும்: மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கு இதுவரை தோன்றாத கேள்விகளை அது எடுத்துக் கொடுக்கும். மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி மாறியது, வீட்டில் யாருக்கு இது பிடிக்கவில்லை, எடை நின்றபோது மனம் என்ன ஆனது, இப்படி. ஸ்லீவ் முறை என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள், திரும்ப வைக்க முடியாது. அதனால் நன்றாக இருப்பவர்களின் கதை மட்டும் போதாது. ஐந்து வருடம் தாண்டிய ஒருவரிடமாவது பேச முடியுமா என்று உங்கள் மருத்துவக் குழுவிடமே கேளுங்கள். அவர்கள் அதற்கு எப்படி முகம் கொடுக்கிறார்கள் என்பதிலும் உங்களுக்கு ஒரு தகவல் கிடைக்கும்.

கேள்வி: இந்த 'அதிகாரம்' எல்லாம் வெறும் உணர்வு. எண்ணால் அளக்க முடியாதா?

பதில்: அளக்கிறார்களே. அதற்கு நெருங்கிய ஒன்றை அளக்க 2004-இல் அமெரிக்காவில் ஹிபார்டும் குழுவினரும் ஒரு வினாத்தாள் செய்தார்கள், பிறகு அதை 13 கேள்விகளாகச் சுருக்கினார்கள், உலகம் முழுக்கப் பயன்படுகிறது. தன் உடல்நலத்தைத் தானே கவனித்துக்கொள்ள ஒருவருக்கு எவ்வளவு அறிவும் தன்னம்பிக்கையும் இருக்கிறது என்று மதிப்பெண் வரும். 'எனக்கு வேறு வழி இருப்பதாக யாரும் சொல்லவே இல்லை' என்று ஒருவர் சொன்னால் அதைப் போட அந்தத் தாளில் கட்டம் கிடையாது. இரண்டும் வேண்டும் என்பேன்.

கேள்வி: நான் வார்டில் வேலை பார்க்கும் செவிலியர். எங்கள் நோயாளிகளிடமே இப்படி ஓர் ஆய்வு செய்ய ஆசை. நானே பேட்டி எடுத்தால் தப்பா?

பதில்: தப்பில்லை, ஆனால் முடிந்தால் நோயாளிக்கு முன்பின் அறிமுகமில்லாத ஒருவரை எடுக்கச் சொல்லுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் சீருடை இல்லாமல், வார்டுக்கு வெளியே, அவர் சொல்கிற இடத்தில், அவருக்கு வசதியான நேரத்தில் உட்காருங்கள். பரிசோதனைக்கு வராமல் நின்றுபோனவர்களின் பட்டியல் உங்கள் பதிவேட்டிலேயே இருக்கும், எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி வாங்கி அவர்களில் சிலரையாவது கூப்பிடுங்கள், 'ஏன் வரவில்லை' என்று ஆரம்பித்துவிடாதீர்கள். 'சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன நாளிலிருந்து சொல்லுங்கள்' என்று விட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், செவிலியர்களுக்கு இதுதான் கஷ்டம், 'மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா' என்று வாய் தானாகக் கேட்டுவிடும். ஒவ்வொரு பேட்டி முடிந்ததும் அன்றைக்கே உங்களுக்கு என்ன தோன்றியது, எங்கே குறுக்கே பேசினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், பின்னால் கட்டுரை எழுதும்போது ஆறாவது கேள்விக்கு அதுதான் பதில். பேட்டிக்கு மறுத்தாலும் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது என்பதைத் தகவல் தாளின் முதல் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில் போடுங்கள்.