சிறைக்கு மனு பார்க்க, அதாவது கைதியைச் சந்திக்க, போகும்போது என்ன கேட்பது?

கேள்வி: என் கணவர் விசைப்படகில் கூலிக்குப் போனவர். பங்குக் காசுத் தகராறில் எங்கள் தெருக்காரரையே கட்டையால் அடித்துவிட்டு, இப்போது மத்திய சிறையில் தண்டனைக் கைதியாக இருக்கிறார். உள்ளே கோபத்தைக் கட்டுப்படுத்த வகுப்பு நடக்கிறதாம். சேர்ந்தால் ஆள் மாறுவாரா? – தொண்டி வாசகி

பதில்: சேரச் சொல்லுங்கள், அம்மா. தண்டனை குறையுமா என்பதைச் சிறை நல அலுவலரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்காக மட்டும் போய் உட்கார்ந்தால் மனதில் எதுவும் ஏறாது.

ரேமண்ட் நோவாகோ என்ற அமெரிக்க உளவியலாளர் 1975இல் வகுத்த முறையைத் தழுவித்தான் பல நாட்டுச் சிறைகளில் இந்த வகுப்பு நடக்கிறது. கோபத்தை விழுங்கச் சொல்ல மாட்டார்கள். நடந்த சண்டையைப் பின்னோக்கிப் பிரித்துப் பார்க்கச் சொல்வார்கள். உங்கள் கணவர் டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) வாங்கிக் கடலுக்குப் போய், மீன்பாடு இல்லாமல் கரைக்கு வந்தார் என்று வையுங்கள். பங்கு குறைந்தது. ‘என்னை ஏமாற்றுகிறான்’ என்று மனது சொன்னது. தாடை இறுகியது, கை கட்டையைத் தேடியது. அந்த எண்ணத்துக்கும் கைக்கும் நடுவே நிற்கப் பழக்குவதுதான் பாடம். சக கைதி ஒருவரை எதிராளியாக நிறுத்தி, அதே சண்டையைத் திரும்பத் திரும்ப நடித்துப் பார்ப்பார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். முதலாளியிடம் பணிந்துபோய் வீட்டில் மட்டும் கை ஓங்குகிறவருக்குக் கோபத்தை அடக்கத் தெரியும். அவர் பிரச்சினை வேறு. உங்களையும் அடித்திருந்தால் இந்த வகுப்பை மட்டும் நம்பி இருக்காதீர்கள், பெண்கள் உதவி எண் 181ஐ அழையுங்கள். குடியும் அப்படித்தான், அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும்.

மனு பார்க்கும்போது கிடைப்பது கொஞ்ச நேரம். “மாறிட்டீங்களா?” என்று கேட்காதீர்கள். “கோபம் ஏறும்போது உடம்புல முதல்ல எங்க தெரியுது?” என்று கேளுங்கள். யோசித்துப் பதில் சொன்னால் பாடம் உள்ளே போயிருக்கிறது. “அவன் பேசினான், அடிச்சேன்” என்றே நின்றால் இன்னும் நாளாகும்.

அப்புறம், விடுதலை எப்போது வருகிறது என்று பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வந்தால் கையில் காசும் இருக்காது, கடலும் இருக்காது. பழைய சண்டை கிளம்ப அது போதும். மனது தாங்கவில்லை என்றால் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். நீங்களும் பேசலாம். பங்குக் கணக்கை இனி அவர் தனியாகப் பேச வேண்டாம், மீனவர் சங்கத்தில் ஒருவரை வைத்துப் பேசட்டும். அடிபட்டவர் வீட்டு வாசலை வந்த அன்றே தாண்டவேண்டி வரும். அன்றைக்கு அவரோடு யார் நடந்து வருவது என்று அடுத்த மனுவிலேயே பேசி வையுங்கள்.