ஆறாத கால் புண்: கட்டு மட்டும் போதுமா?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. இடது உட்கணுக்காலுக்கு மேலே எட்டு மாதமாகப் புண். சுற்றிவரத் தோல் கறுத்துத் தடித்துவிட்டது; காலில் சுருண்ட நாளங்களும் தெரிகின்றன. ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்டுகிறோம். ‘முதலில் புண் ஆறட்டும், நாளத்தைப் பிறகு பார்ப்போம்’ என்கிறார்கள். லேசர் செய்தால் ஆறுமா?
- வாசகி, சாவகச்சேரி

பதில்: நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் நாளப் புண். நாளத்தின் வால்வு பழுதானால், மேலே போகவேண்டிய குருதி நிற்கும்போதெல்லாம் கீழே வடிந்து கணுக்காலில் அழுத்தத்தை ஏற்றும். அந்த அழுத்தம் இறங்காதவரை எந்தக் களிம்பும் பலன் தராது. ஆறினாலும் திரும்ப வெடிக்கும். அதனால் நாளத்தைக் கடைசியில் பார்ப்பது எங்களுக்கு உடன்பாடில்லை. 2018இல் வெளியான, 450 பேரில் செய்த பிரித்தானிய ஆய்வில் எல்லோருக்கும் அமுக்கக் கட்டுப் போட்டார்கள். பழுதான நாளத்தை லேசர் போன்ற முறையால் இரண்டு வாரத்துக்குள் அடைத்தவர்களில் பாதிப்பேருக்கு 56 நாளில் புண் ஆறியிருந்தது. அடைப்பதைத் தள்ளிப்போட்டவர்களில் பாதிப்பேருக்கு ஆற 82 நாள் சென்றது.

அதற்கு முன் இரண்டு பரிசோதனை வேண்டும். குருதி ஓடும் திசையைக் காட்டும் டொப்ளர் ஸ்கானை நிற்கவைத்துச் செய்யவேண்டும். படுத்திருந்தால் பழுது மறைந்துவிடலாம். கெண்டைக்காலை அமுக்கி விட்டதும் மேலோட்டமான நாளத்தில் குருதி அரைச் செக்கனுக்கு மேல் பின்னோக்கி ஓடினால் வால்வு பழுது. மற்றது, கணுக்கால் பிரஷரைக் கைப் பிரஷரால் பிரித்துப் பார்ப்பது. 0.8க்குக் கீழே என்றால் நாடியில், அதாவது இதயத்திலிருந்து காலுக்குக் குருதி கொண்டுவரும் குழாயில், ஓட்டம் குறைவு, இறுக்கிக் கட்டக்கூடாது. 0.5க்குக் கீழே என்றால் அமுக்கக் கட்டே கூடாது. உடனே குருதிக்குழாய் நிபுணரிடம் காட்டவேண்டும். சலரோகக்காரருக்கு நாடி கல்லாகி இந்தக் கணக்குப் பொய்யாக உயரும். 1.3க்கு மேல் வந்தால் கால் பெருவிரலின் பிரஷரைப் பார்க்கக் கேளுங்கள்.

லேசரிலும் ரேடியோ அலையிலும் கத்தி இல்லை. முழங்காலுக்குக் கிட்ட ஊசியால் குத்தி, ஸ்கானில் பார்த்தபடி மெல்லிய குழாயை ஏற்றி, நுனியை, கவட்டில் இந்த நாளம் ஆழ்நாளத்தோடு சேரும் சந்திக்கு 2 சென்றிமீற்றர் கீழே நிறுத்துவார்கள். பிறகு நாளத்தைச் சுற்றி, உப்புநீரில் ஐதாக்கிய விறைப்பு மருந்தை நிறைய ஏற்றுவார்கள். அது குறைந்தால் சூடு தோலையும் பக்கத்து நரம்பையும் சுட்டுவிடும். சிலருக்கு வரும் மரமரப்புக்கு ஒரு காரணம் அதுதான். ரேடியோ அலையில் 120 பாகை செல்சியஸ் சூட்டில், 7 சென்றிமீற்றர் துண்டுக்கு 20 செக்கன் வீதம் நாளம் மூடப்படும். அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம், நடக்கத்தான் வேண்டும். கண்டலும் இழுவையும் சில நாள் இருக்கும். கெண்டை திடீரென வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ நேரே வைத்தியசாலைக்குப் போங்கள், அது ஆழ்நாளத்தில் குருதி உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம்.

கேள்வி: எனக்கு நுரை ஊசி சொல்லியிருக்கிறார்கள். அது லேசருக்கு ஈடா?
- வாசகர், சுன்னாகம்

பதில்: புண்ணின் அடியில் நெளியும் சிறு நாளங்களுக்கு நுரைதான் வசதி, லேசர்க் குழாய் அங்கே போகாது. நாளத்தை மூடவைக்கும் பொலிடோகனோல் என்ற மருந்து ஒரு பங்கு, காற்று நான்கு பங்கு. இரண்டு சிறிஞ்சுகளை மும்முனைத் திருகியில் பொருத்தி மாறிமாறித் தள்ளி நுரையாக்கி உடனே ஏற்றுவார்கள். ஒரு தடவைக்கு ஏறத்தாழ 10 மில்லிலீற்றர்தான் எல்லை. பெரிய நாளம் பிறகு திறந்துகொள்வது லேசரைவிட நுரையில் அதிகம், ஆகவே மறுபடி ஸ்கான் எடுத்துப் பார்க்கவேண்டும். கண் கொஞ்சநேரம் மங்குவதும், தோலில் கபிலநிறக் கறை நிற்பதும் உண்டு.

கேள்வி: கட்டு வழுகி விழுகிறது, வெக்கையும் தாங்கவில்லை. கணுக்காலில் மட்டும் கட்டலாமா?
- வாசகி, பருத்தித்துறை

பதில்: கூடாது. பாதம் வீங்கும். விரல் அடியிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை, பாதத்தைச் செங்கோணத்தில் வைத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தியதன் பாதியை மூடக் கட்டவேண்டும். கணுக்காலில் 40 மில்லிமீற்றர் இரச அழுத்தமும் மேலே போகப்போகக் குறைவும் வேண்டும். அடியில் பஞ்சுச் சுற்று இருந்தால் வியர்வையை உறிஞ்சும், எலும்பு முனையும் புண்படாது. வழுகிய கட்டு ஓரிடத்தில் சுருண்டு கயிறுபோல் இறுக்கும், அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். விரல் நீலமானாலோ விறைத்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு நடந்து போகலாம். ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிற்பதுதான் கெடுதி. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் புண்ணில் பூசவேண்டாம், கொதித்தாறிய நீரால் கழுவினால் போதும். சிவந்து பரவி, சூடேறி, காய்ச்சல் வந்தால் மட்டும் அன்ரிபயோட்டிக் தேவை. சரியான கட்டோடு மூன்று மாதம் போயும் ஆறாத புண்ணுக்கு, முக்கியமாக அதன் ஓரம் மேலெழும்பித் தடித்திருந்தால், சிறு சதைத்துண்டு எடுத்துப் புற்றுநோயா என்று பார்க்கவேண்டும்.