இரண்டு படத்திலும் வெஸ்டா எங்கே?

அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்தில் மொட்டைமாடியிலிருந்து ஆறு அங்குல டாப்சோனியனில் (அடிப்பலகை மேல் சுழலும் எளிய தொலைநோக்கி) ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு படம் எடுத்தும் எந்தப் புள்ளி வெஸ்டா என்ற சிறுகோள் என்று தெரியவில்லை என்கிறீர்கள். கருவியில் குறையே இல்லை, இடைவெளிதான் போதவில்லை. சூரியனுக்கு நேர் எதிரே வரும் நாட்களில்கூட வெஸ்டா ஒரு மணி நேரத்தில் நகர்வது வியாழனின் தட்டு அகலத்துக்கும் குறைவு. அகலமான படத்தில் அது சுலபமாகக் கண்ணில் படாது.

மறுநாள் இரவும் அதே இடத்தை எடுங்கள். கால் டிகிரி, அதாவது நிலாவின் பாதி அகலம் தள்ளிப் போயிருக்கும். நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி இரண்டு படங்களையும் அடுக்கி, மாற்றி மாற்றிப் பாருங்கள். இடம் தாவுவதுதான் உங்கள் ஆள். ஆனால் கேமராவின் சூடான பிக்சலும் (ஒளி படாமலே மின்னும் பழுதான புள்ளி) அப்படித் தாவி ஏமாற்றும். அதனால் ஒவ்வொரு இரவும் தொலைநோக்கியைக் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி மூன்று படமாவது எடுங்கள். மூன்றிலும் நட்சத்திரங்களுக்கு நடுவே அதே இடத்தில் நின்றால் நம்பலாம்.

அப்புறம், நம் பக்கம் நள்ளிரவில் அது கிட்டத்தட்ட தலை உச்சிவரை ஏறிவிடும். டாப்சோனியனை உச்சியில் திருப்புவது பெரும்பாடு. இரண்டு மணி நேரம் முன்னதாக, கிழக்கே இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். பொதிகை மலை மேகமும் அந்தப் பக்கம் குறைவு.